ஊசியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது

பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் அனைவருக்கும் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடப்போவதாக 2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில் அறிவித்து, 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கட்டம் கட்டமாக நடக்கும் வேலை இது. முதற்கட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு; மற்ற இரண்டு தருமபுரியும் திருவண்ணாமலையும். கருப்பைவாய்ப் புற்று அதிகம் தென்படும் மாவட்டங்கள் என்பதே காரணம். அடையாறு புற்றுநோய் நிறுவனம் முன்னின்று நடத்தும் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடு வெகுநாளாகவே இந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டி வருகிறது.

திட்டம் நல்ல திட்டம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பைவாய்ப் புற்று வரவில்லை என்று 2024 தொடக்கத்தில் ஸ்காட்லாந்துப் பொதுச் சுகாதாரத் துறை சொன்னது. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக வருகிறது, ஏறத்தாழ 80,000 பேர் இறக்கிறார்கள். இதைத் தடுக்கும் ஊசியை ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகப் போடுவதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஊசி போட்டுக்கொள்ளும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு சாதாரணக் கேள்வி கேட்கலாம்: "டீச்சர், இந்த வைரஸ் எப்படி வருது?" இதற்கு நேர்மையான பதில் உடலுறவு வழியாக என்பதுதான். நாம் புற்றுநோய்த் தடுப்பூசி என்று அழைப்பது, உள்ளபடி ஒரு பால்வினைத் தொற்றுக்கு எதிரான ஊசி. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் அரசாங்கம் முதல் முறையாக, குறிப்பிட்ட வயதுப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பால்வினைத் தொற்றைத் தடுக்கும் வேலையோடு போய் நிற்கிறது. பாலியல் கல்வி பற்றி முப்பது ஆண்டுகளாக நாம் பேசிய எந்தப் பேச்சுக்கும் இப்படியொரு வாசல் கிடைத்ததில்லை. அந்த வாசலில் நின்றுகொண்டு கேள்விக்குப் பதில் சொல்கிறோமா, பேச்சை மாற்றுகிறோமா என்பதே இந்தக் கட்டுரை பார்க்க விரும்பும் விஷயம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்ந்து, 2007இல் நிரந்தரமாகத் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். அரியலூரில் பத்துக்கு ஒன்பது பேர் கிராமத்தார். ஒரு பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரத்து முந்திரிக்காடு. நடுவில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும். இரவு பகலாக லாரி ஓடும் மண். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை உரசிக்கொண்டு போகிறது. வளைகுடா, சிங்கப்பூர், திருப்பூர் என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே பிழைக்கப் போயிருக்கிறார். ஒரு தொற்று பயணம் செய்வதற்கு வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது. அதைப் பற்றி வாய்திறந்து பேசுவதற்கான இடம்தான் இல்லை.

இது இந்த இரண்டு மாவட்டங்களின் குறை மட்டுமல்ல. தமிழ்நாடு பால்வினை நோய் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட விதத்தின் விளைவு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. பயந்து ஒளிக்காமல், மாநிலம் ஒரு வகையில் முன்னோடியாக நடந்துகொண்டது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. லாரிப் பட்டறைகளிலும் நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் ஆணுறை பற்றிப் பேசத் தன்னார்வத் தொண்டர்கள் இறங்கினார்கள். 2003இல் ஊரெங்கும் சுவர்களிலும் தட்டிகளிலும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி முளைத்தது. அந்தக் காலத்தில் பள்ளியில் படித்தவர்களுக்கு அது இன்றும் மறந்திருக்காது. 2001இல் கர்ப்பிணிகள் நூறு பேரில் ஒருவருக்கும் கூடுதலாகத் தொற்று இருந்த மாநிலத்தில், பத்தாண்டுகளுக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது. சாதாரணச் சாதனையல்ல.

அந்தப் பிரச்சாரத்துக்கு ஒரு குணம் இருந்தது. அது பெரியவர்களிடம் பேசியது, ஆண்களிடம் பேசியது, பயத்தைக் கொண்டு பேசியது. நோய் "தப்பான இடத்துக்குப் போகிறவனுக்கு" வரும் என்ற செய்தி சுலபமாக ஒட்டிக்கொண்டது. அந்தச் செய்தியில் விடுபட்டுப்போன ஆள் யார் என்பதற்கு நாமக்கல்லே சாட்சி. லாரி ஓட்டிய கணவரிடமிருந்து தொற்று பெற்ற பி. கௌசல்யா, இன்னும் சில பெண்களோடு சேர்ந்து 1998இல் பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அவர் எந்தத் தப்பான இடத்துக்கும் போகவில்லை. கல்யாணம் செய்துகொண்டார், அவ்வளவுதான். நம்முடைய கிராமத்துப் பெண் பிள்ளைக்குப் பால்வினைத் தொற்று வரக்கூடிய முதல் வழி தாலிதான் என்பதை எந்தச் சுவரிலும் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் சுவரையே இடித்திருப்பார்கள்.

தாலி சீக்கிரம் ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்குப் பதினெட்டு நிரம்பும் முன்பே மணமாகியிருந்தது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 விழுக்காட்டினர் அப்போதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் சங்கக் கூட்டங்களில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குள் இந்தப் பாடம் வந்த கதை வேறு. மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. 2007க்குள் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றே அறிக்கை தந்தது. தமிழ்நாடு தடை போட்ட மாநிலங்களின் பட்டியலில் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தடை போடாமலே ஒரு பாடத்தை நடத்தாமல் விடும் கலை நமக்கு நன்றாகவே தெரியும். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பற்றி ஒரு பாடம் உண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க மண்டலமும், நோய்கள் வரிசையில் எய்ட்ஸும் உண்டு. பால்வினை நோய்களை வரிசையாக, அறிகுறியோடும் காரணியோடும் சொல்லும் பாடம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் 'இனப்பெருக்க நலன்' என்ற பெயரில் இருக்கிறது. அதைப் படிப்பவர் உயிரியல் பிரிவை எடுத்த பிள்ளை மட்டும். வணிகவியல் படிக்கும் பையனுக்கும், தொழிற்கல்விப் பிள்ளைக்கும், பத்தோடு நின்று வேலைக்குப் போனவளுக்கும் வெட்டை நோயும் கிரந்தியும் பாடத்திட்டத்துக்கு வெளியே. உயிரியல் எடுத்தவருக்கும் அது மதிப்பெண்தான். பாக்டீரியாவின் லத்தீன் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த மாணவிக்கு, தனக்கு வெள்ளைப்படுவது எப்போது இயல்பு, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டியது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

யாரும் என்றால் பள்ளியில். வெளியே சொல்லித் தர ஆட்கள் நிறைய. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்: சூடு. வெள்ளைப்பட்டால் சூடு, சிறுநீர் கழிக்கையில் எரிந்தால் சூடு, அரிப்பும் சூடு, கொப்புளமும் சூடு. ஊறவைத்த வெந்தயம், நீர்மோர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இவை எவற்றாலும் கெடுதல் இல்லை. வெயில் நாளில் நீர்க்கடுப்புக்கு மோர் நல்லதுதான். ஆனால் கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகள் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் உள்ளே ஏறிக் கருக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. காட்டும் சிறு அறிகுறியையும் சூட்டுக் கணக்கில் எழுதிவிட்டால், அந்தப் பெண் மருத்துவரைப் பார்ப்பது பல ஆண்டு கழித்து, குழந்தை இல்லை என்ற குறையோடுதான்.

ஆண் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம். பின்னிரவுத் தொலைக்காட்சியில் 'இளமையில் செய்த தவறு' என்று பயமுறுத்தும் வைத்தியர்கள், மாதத்தில் இன்ன தேதிக்கு இன்ன ஊர் லாட்ஜில் என்று பத்திரிகை விளம்பரம் கொடுத்துவிட்டு வருபவர்கள். கைப்பழக்கத்தால் நரம்பு தளரும் என்று நம்பவைத்து, இல்லாத நோய்க்கு ஆயிரக்கணக்கில் லேகியம் விற்று, இருக்கும் நோயைப் பற்றி மூச்சுவிடாதவர்கள். இந்தக் கூட்டத்துக்கு எதிராகத் தமிழில் ஒரு நல்ல குரல் இருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் நேயர்களின் சந்தேகங்களுக்குச் சிரித்த முகத்தோடு, கூசாமல் பதில் சொன்னார். நள்ளிரவு நிகழ்ச்சி என்று கேலி செய்தவர்களும் ஒலியைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்த்தார்கள். 2004இல் அவர் காலமானார். அந்த நாற்காலியில் அதற்குப் பிறகு உட்கார்ந்தது கைப்பேசி. ஆபாசப் படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட எதைக் காட்டுவதில்லை என்பது இங்கே முக்கியம்: அதில் யாரும் சம்மதம் கேட்பதில்லை, ஆணுறை தேடுவதில்லை, யாருக்கும் நோய் வருவதில்லை.

சரி, தனக்கு ஏதோ தொற்று என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போகும்? அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று சுகவாழ்வு மையம் உண்டு, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் உண்டு. சிகிச்சை முறை எளிது. ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அறிகுறியைக் கொண்டே மருந்து தர, நிறம் பிரித்த ஏழு மருந்துப் பொட்டலங்களைத் தேசியத் திட்டம் வகுத்திருக்கிறது. கழிவு, சீழ் வந்தால் சாம்பல் நிறப் பொட்டலம். பிறப்புறுப்பு அழற்சியோடு வெள்ளைப்பட்டால் பச்சை. புண் என்றால் வெள்ளை. பல தொற்றுகள் ஒரே வேளை மருந்தில் குணமாகிவிடும். மருந்து இலவசம். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஏற்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் அந்த மையம் இருப்பது மாவட்ட, வட்டத் தலைமையிடங்களில். செந்துறைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் பேருந்தில் தனியாக வந்து, பெயர்ப்பலகை தொங்கும் அறை வாசலில், சொந்த ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயத்தோடு நிற்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழே என்றால் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் கேட்பார்கள். இதையெல்லாம்விடப் பெரிய சுவர் போக்சோ.

2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் குழந்தைகளைக் காக்க அவசியமானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ் எந்த உடலுறவும், இருவரும் விரும்பியே நடந்தாலும், அதன்படி குற்றம். தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. மருத்துவரும் செவிலியரும் இதற்கு விலக்கல்ல. பதினேழு வயதுப் பெண் வெள்ளைப்படுவதைச் சொல்லப்போய், காதலனோ கட்டிய கணவனோ சிறைக்குப் போகும் நிலை வந்தால், அடுத்த பெண் மெடிக்கலில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். இந்த முடிச்சை நீதிமன்றங்கள் பார்க்காமல் இல்லை. பதின்பருவக் காதல் வழக்கு ஒன்றை ரத்து செய்து 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதிய தீர்ப்பு இந்தச் சிக்கலை விரிவாகப் பேசியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவளுடைய அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. அதே ஆண்டு டிசம்பரில், இருவர் விருப்பத்தோடு நடந்த காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழகக் காவல் துறைத் தலைவர் சுற்றறிக்கை விட்டார். கருக்கலைப்புக்குக் கிடைத்த அந்தச் சலுகையைத் தொற்றுச் சிகிச்சைக்கும் தெளிவாக எழுதிக்கொடுத்தால் போதும், சுகவாழ்வு மையத்துச் செவிலியர் நிம்மதியாகப் பிள்ளைகளோடு பேசுவார். மாவட்ட நிர்வாகத்தால் ஆகிற காரியமில்லை. மேலேயிருந்து வர வேண்டும்.

உச்ச நீதிமன்றம் கல்வியைப் பற்றியும் பேசியிருக்கிறது. சென்னை இளைஞர் ஒருவர் குழந்தைகள் ஆபாசப் படம் வைத்திருந்த வழக்கில் 2024 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, பாலியல் கல்வி மேனாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற எண்ணங்களைத் தவறென்று சொல்லி, விரிவான கல்விக்கு வழி தேடச் சொன்னது. 2025 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இன்னும் சிறிய வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது. "சொல்லிக்கொடுத்தால் செய்து பார்ப்பார்கள்" என்ற அச்சத்துக்கு உலக அளவில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டி தொகுத்த ஆய்வுகளின்படி, இந்தக் கல்வி உடலுறவைச் சீக்கிரப்படுத்துவதில்லை. 'விலகியிரு' என்று மட்டும் சொல்லும் பாடத்தால் பயனும் இல்லை. இங்கேயே பார்க்க வேண்டுமென்றால் ஜார்க்கண்ட். நம்மைவிடப் பல மடங்கு வசதி குறைந்த அந்த மாநிலம் 2006 முதல் 'உடான்' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் இதை ஒரு வழக்கமான பாடமாக, கால அட்டவணையில் இடம் கொடுத்து நடத்துகிறது. அட்டவணையில் இடம் பிடித்ததுதான் அதன் வெற்றி என்று எனக்குத் தோன்றுகிறது; எய்ட்ஸ் நாளில் ஒரு பேரணியும் ஒரு பேச்சுப் போட்டியும் நடத்திவிட்டுக் கோப்பை மூடவில்லை.

இனி அந்த ஊசி. சொல்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இதே எச்.பி.வி. ஊசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். பின்னர் ஏழு சிறுமிகள் இறந்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் விசாரணையில் வெளியான இன்னொன்றை யாராலும் மறுக்க முடியவில்லை: ஆந்திரத்தில் பல சிறுமிகளுக்காகப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது; 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு காரசாரமாக எழுதியது. அந்த ஒரு சறுக்கலால் இந்த ஊசி நாடு முழுவதற்குமான திட்டமாக வருவது பத்தாண்டுக்கு மேல் தள்ளிப்போனது. மறுபுறம் சிக்கிம் 2018இல் பள்ளி பள்ளியாக, ஆசிரியரோடும் பெற்றோரோடும் முதலில் உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்கியது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் போட்டுக்கொண்டார்கள்.

சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள், அதில் நியாயமும் உண்டு: 'புற்றுநோய் ஊசி' என்றால் தாய் உடனே சம்மதிப்பாள், 'பால்வினை' என்று வாயெடுத்தால் 'என் பொண்ணு அப்படிப்பட்டவள் இல்லை' என்று அழைத்துக்கொண்டு போய்விடுவாள். பெற்றோருக்கான துண்டறிக்கையில் புற்றுநோய் முதல் வரியாக இருக்கட்டும். ஆனால் நான்காவது வரியிலாவது, இது திருமண வாழ்க்கையில் யாருக்கும் வரக்கூடிய மிகச் சாதாரணமான வைரஸ், ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அதை வேறு யாராவது வாட்ஸப்பில் எழுதுவார்கள். மலட்டு ஊசி என்று எழுதுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஊசிக்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளை போதும். புதிய சட்டமோ புதிய பணியிடமோ வேண்டாம். மத்திய அரசின் பள்ளிச் சுகாதாரத் திட்டப்படி பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், நலத் தூதர்களாகப் பயிற்சி பெற வேண்டும். அதன் பதினொரு தலைப்புகளில் இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும் அடங்கும். ஊரில் எல்லாப் பெண் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கும் நர்சம்மா இருக்கிறார். புதுயுகம் திட்டத்தில் பத்து வயது முதலே அவர்களுக்கு நாப்கின் கொடுத்துவருபவர். மாதவிலக்கு பற்றி அவரிடம் பேசிப் பழகிய பிள்ளைகள் அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்கும். கூச்சம் இருந்தால் துண்டுச்சீட்டு. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதே பெட்டியில் சந்தேகங்களையும் போடச் சொல்லி, வாரம் ஒருமுறை பொதுவாகப் பதில் சொல்லலாம். 14417 உதவி எண்ணைச் சுவரில் எழுதியது போல, அருகிலுள்ள சுகவாழ்வு மையத்தின் நேரத்தையும் எழுதலாம். அந்த நேரம் மாலை ஐந்து மணிக்கு மேலும் கொஞ்சம் நீண்டால் இன்னும் நல்லது. பள்ளிப் பிள்ளை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் நின்றால் காரணம் சொல்லியே ஆக வேண்டுமே.

ஊசி எல்லாத் தொற்றையும் தடுக்காது என்பதையும் அந்தப் பாடவேளையில் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.யையோ கிரந்தியையோ அது தொடாது. ஆணுறை பல தொற்றுகளைத் தடுக்கும், எச்.பி.வி.யை முழுவதும் தடுக்காது. ஊசி போட்டவளும் முப்பது வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்து 2007இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், வினிகர் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்றே இந்தப் புற்றால் வரும் சாவை 35 விழுக்காடு குறைத்தது. உலகத்துக்கே வழிகாட்டிய ஆய்வு நம் கிராமத்துப் பெண்களிடம் நடந்தது. மகள் ஊசி போட்டுக்கொள்ளும் நாளில் தாயையும் இந்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் ஒரே நடையில் இரண்டு தலைமுறைக்கு வேலை முடியும்.

மிச்சமிருப்பது பையன்கள். தோழிகள் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்ளும் அந்த முற்பகலில் அவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கமாக இருக்கும். அவர்களுக்கு ஊசி இந்தத் திட்டத்தில் இல்லை. ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் போடுகிறது, நமக்கு அந்தச் செலவு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது, போகட்டும். ஆனால் அந்த வைரஸைச் சுமந்து போய்ச் சேர்ப்பதில் சரிபாதிப் பங்கு அவர்களுடையது. நாளை சிமெண்ட் லாரியில் ஏறப்போகிறவனும், துபாய் விமானம் ஏறப்போகிறவனும், இதே வகுப்புப் பெண்ணொருத்திக்குத் தாலி கட்டப்போகிறவனும் அந்த மைதானத்தில்தான் நிற்கிறான். உடற்கல்வி ஆசிரியரும் அங்கேதான் இருப்பார். பையன்கள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒரே ஆசிரியர் பல பள்ளிகளில் அவர்தான். நலத் தூதர் பயிற்சிக்கு ஆண் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் தலைமையாசிரியர்கள் அவர் பெயரை முதலில் எழுதலாம்.